படம் இல்லாத கார்டு

ஈரப் படுக்கை விரிப்புக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தி இடது முனையைப் பிடிப்பாள், ஒருத்தி வலது முனையைப் பிடிப்பாள். ஒரே உதறு. பிறகு சுருக்கம் விழாமல் இழுத்து உருளையின் வாயில் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். உருளை என்றால் படுத்துக் கிடக்கும் பெரிய இரும்புக் குழாய். உள்ளே கொதிக்கிற ஆவி. தொட்டால் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விடும்.

நெட்டை வலது முனையில் நின்றாள். காலையிலிருந்தே அவளுக்கு நிலைகொள்ளவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றாள். திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"என்னடி, கால்ல எறும்பா?" என்றாள் இடது முனைக்காரி.

"உருளை ஓடுற வேகத்தைப் பாரு. நேத்து இப்படி ஓடல."

"விசில் ஏத்தி விட்டிருக்கான். லோடு சாயங்காலத்துக்குள்ள போகணுமாம்."

விசில் என்பது மேஸ்திரி. ஆளை வாயால் கூப்பிடமாட்டான், விசில் அடித்துத்தான் கூப்பிடுவான். நாய்க்கும் அதே விசில்தான், பெண்களுக்கும் அதே விசில்தான்.

உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் உருளை நின்றுவிட வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கம்பி. ஆனால் துணி பட்டாலும் நின்றது. நின்று நின்று ஓடினால் லோடு எப்படிப் போகும்? விசில் ஒரு பழைய தலையணை உறையை நாடாவாகக் கிழித்துக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டான். கட்டி வெகுநாள் ஆகி நாடாவே பழுப்பேறிவிட்டது. அந்தக் கம்பி எதற்கு என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

நெட்டையின் கழுத்தில் கார்டு தொங்கியது. உருளையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சட்டைக்குள் விட்டிருந்தாள். அந்தக் கார்டு அவளுடையது இல்லை. அண்ணியுடையது.

சலவை ஆலையில் இதற்கு மாத்தாள் என்று பெயர். ஒருத்திக்கு முடியவில்லை என்றால் தங்கையோ மகளோ நாத்தனாரோ அவளுக்குப் பதிலாக வந்து நிற்பாள். வேலை என்பது குடும்பத்துக்கு. யாருக்கு உடம்பு முடிகிறதோ அவர்கள் போவார்கள். விசிலுக்கு இது தெரியும். உருளைக்கு முன்னால் இரண்டு கை நின்றால் போதும் அவனுக்கு. அது யார் கையாக இருந்தால் என்ன?

நெட்டையின் அண்ணி ஆலையில் கஞ்சித் தொட்டியில் வேலைக்குச் சேர்ந்தவள். துணியை மொடமொடப்பாக்குகிற கஞ்சி. அதனால் அவள் பெயர் கஞ்சி அக்கா. பிறகு உருளைக்கு மாறி, ஆலையிலேயே தலை நரைத்தவள். இப்போது மூச்சிரைப்பு வந்துவிட்டது. ஆவி மண்டுகிற நாளில் அவளால் நிற்க முடியாது, அன்றைக்கு நெட்டை வருவாள். புருஷன் வீடு வேண்டாம் என்று திரும்பி வந்ததிலிருந்து நெட்டை அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். போனால் எப்போது வருவான் என்று லாரிக்கே தெரியாது. வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு கார்டை நம்பித்தான்.

முன்பெல்லாம் கார்டில் புகைப்படம் ஒட்டியிருந்தது. கஞ்சி அக்கா குள்ளம், உருண்டை முகம். நெட்டை வாசல் நிலையில் குனிந்து நுழைகிறவள், முகமும் நீளம். வாட்ச்மேன் படத்தைப் பார்ப்பான், ஆளைப் பார்ப்பான், பிறகு ரோட்டைப் பார்ப்பான்.

அப்புறம் வாசலில் மெஷின் வைத்தார்கள். கார்டு ஆபீசர் என்று ஒருத்தர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து இரண்டு மாதிரிக் கார்டுகளைத் தூக்கிக் காட்டினார். ஒன்றில் மேலே படம், கீழே பொடிசாகக் கறுப்புக் கோடுகள். இன்னொன்றில் படம் கிடையாது. பெயர், எண், ரத்த வகை, மீதி இடம் முழுக்கக் கோடுகள், சீப்புப் பல் போலத் தடியும் மெலிசுமாக.

"இதுக்குப் பேரு பார்கோடு. மெஷின் இதைப் படிச்சா கதவு திறக்கும். ஆவி பட்டா படம் உப்பிக்கும், சின்னக் கோட்டை மெஷின் படிக்கவும் திணறும். பெரிய கோடுன்னா சட்டுனு படிக்கும், ஆனா படத்துக்கு இடம் இருக்காது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

கேட்கிறான் என்றால் ஏதோ வைத்துக்கொண்டுதான் கேட்கிறான் என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கஞ்சி அக்காதான் எழுந்தாள்.

"படம் எதுக்கு சார்? எங்க மூஞ்சிய எங்களுக்கே பார்க்கச் சகிக்கல. பெரிய கோடே போடுங்க."

கூடம் முழுக்கச் சிரிப்பு. எல்லாக் கைகளும் மேலே போயின. தொழிலாளர் விருப்பம் என்று ஆபீசர் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கஞ்சி அக்கா சொன்னாள்: "இனிமே நீ குனிஞ்சு ஒளிஞ்சு போக வேணாம்டி. கோட்டுக்குக் கண்ணு கிடையாது."

அது உண்மைதான். மெஷின் சிவப்பு வெளிச்சத்தை ஓடவிடும், ஒரு சத்தம் போடும், கதவு திறக்கும். நெட்டையாவது குட்டையாவது, அதற்கு எல்லாம் ஒன்று.

விசில் சத்தம் கேட்டது. இன்னும் சீக்கிரம் என்று அர்த்தம். நெட்டை அடுத்த விரிப்பை எடுத்தாள். ஓரம் தையல் விட்டுக் கிழிந்திருந்தது. உதறினாள், இழுத்தாள், கொடுத்தாள். கிழிசலுக்குள் விரல்கள் நுழைந்திருந்தன. விரிப்பு உள்ளே போயிற்று. விரல்களும் போயின.

இடது முனைக்காரி கம்பியைத் தட்டக் கையை வீசினாள். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. அவள் கத்திக்கொண்டே சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானைப் பார்த்து ஓடினாள். ஓடி, அழுத்தி, உருளை முனகி நின்றபோது நெட்டை கத்துவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

விசில் வந்தான். பையிலிருந்து பிளேடை எடுத்தான். முதலில் கம்பியைக் கட்டியிருந்த நாடாவை அறுத்தான். கம்பி 'டங்' என்று அதன் இடத்தில் விழுந்தது. அறுத்த நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் நெட்டையைப் பார்த்தான்.

*

கம்பெனி ஆஸ்பத்திரி ஆலைச் சுவரை ஒட்டியது. கஞ்சி அக்கா வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கி வாங்கி அவளுக்குப் பேச்சு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெட்டை பெஞ்சில் சரிந்து கிடந்தாள். வலது கை முழுக்க ஈரத் துண்டு சுற்றியிருந்தது. வெள்ளைத் துண்டு வெள்ளையாக இல்லை.

ஜன்னலுக்குப் பின்னால் கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் வாசலில் இருப்பது போலவே ஒரு மெஷின், அளவில் சின்னது. கார்டு விசிலின் கையில் இருந்தது. அவன் இன்னும் காட்டவில்லை.

"ஏன் தம்பி நிக்குற? உள்ள கொண்டு போக வேண்டியதுதானே!"

"உன்கிட்டக் கேக்காம எப்படிக்கா? கொஞ்சம் இப்படி வா." அவன் அவளைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனான். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் ஷூ முனையால் தரையைத் தேய்த்துக்கொண்டே பேசினான். "இது கம்பெனி ஆளுக்கு மட்டும்தான். கார்டைக் காட்டினா உடனே ஆபரேஷன். காட்டலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். அங்க வரிசையில கிடக்கணும். அதுக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் போயிடும்னு கம்பவுண்டரே சொல்றான்."

"அப்ப காட்டு."

"காட்டினா அவ இல்லக்கா உள்ள போறது. நீ. கை போனது உனக்குன்னுதான் பதிவாகும்."

கஞ்சி அக்கா தன் கையைப் பார்த்தாள். "ஆகட்டுமே. பதிவுல போனா நிஜத்துல போயிடுமா?"

"பின்னாடி ஏதாவது வரும்."

"என்ன வரும்?"

"பின்னாடி பார்த்துக்கலாம்க்கா."

"நீ பின்னாடி பார்த்துக்கலாம்னு சொன்ன எதைத் தம்பி இதுவரைக்கும் பார்த்திருக்க?"

பெஞ்சிலிருந்து நெட்டையின் குரல் வந்தது. கண் மூடித்தான் இருந்தது. "குடுக்காதீங்க அண்ணி. இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டு என்ன பண்ணுவீங்க?"

"வாய மூடுடி. பெரிய நாட்டாமை." கஞ்சி அக்கா விசிலின் கையிலிருந்து கார்டைப் பிடுங்கினாள். "கையில்லாத உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பாத்திரம் யாரு தேய்ப்பா? உன் அண்ணனா வந்து தேய்ப்பான்?"

ஜன்னலுக்குப் போனாள். கார்டின் மேல் ரத்தம் காய்ந்திருந்தது. சட்டை ஓரத்தால் துடைத்தாள், எச்சில் தொட்டுத் துடைத்தாள். வெளிச்சத்துக்குக் கீழே நீட்டினாள். மெஷின் பேசாமல் இருந்தது. மூச்சிரைப்பில் உடம்பு ஆடியதால் கோடு நேராக நிற்கவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். சத்தம் வந்தது.

கம்பவுண்டர் திரையைப் பார்த்து அவள் பெயரையும் வயதையும் சத்தமாகப் படித்தான். நெட்டையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க யாரு?" என்று கஞ்சி அக்காவைக் கேட்டான்.

அவள் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள்.

"நாத்தனார்" என்றாள்.

*

தாழ்வாரத்தில் உட்கார முடியவில்லை அவளுக்கு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மூச்சு வாங்கினால் நின்றாள், அடங்கினதும் மறுபடி நடந்தாள். நர்ஸ் கதவைத் திறந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம், "என்னம்மா?" என்று திரும்பிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்களை இல்ல. பேஷண்டோட ஆள் யாருன்னு கேட்டேன்."

"நான்தான், நான்தான்."

பாதி நடையில் அவளுக்கு ஒன்று உறைத்தது. கார்டில் ரத்த வகை அச்சடித்திருக்கிறது. அது அவள் ரத்தம். நெட்டையின் ரத்தம் என்னவோ, யார் கண்டது? துண்டிலேயே அவ்வளவு போயிருக்கிறது, இவர்கள் ரத்தம் ஏற்றாமலா இருப்பார்கள்? கதவைத் தட்டினாள். யாரும் வரவில்லை. இரண்டு கையாலும் அடித்தாள்.

"என்ன வேணும்?" நர்ஸுக்குக் கோபம்.

"அம்மா, அந்தக் கார்டுல ரத்தம் தப்பாப் போட்டிருக்காங்க."

"மெஷின் தப்பாப் போடாது."

"மெஷின் போடாதும்மா, போட்டவங்க மனுஷங்கதானே! எங்க அண்ணிக்கு அது இல்ல. வேற. என்னன்னு எனக்குத் தெரியாது, ஆனா அது இல்ல. ஊசி குத்திப் பார்த்துட்டு ஏத்துங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என்னன்னு தெரியாது, ஆனா அது இல்லன்னு மட்டும் தெரியுமா?"

கஞ்சி அக்கா கும்பிட்டாள். அந்தக் கைகளை நர்ஸ் பார்த்தாள். பிறகு, "பார்க்காம ஏத்தமாட்டோம். போய் உட்காருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அவள் உட்காரவில்லை.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. கண் விழித்ததும் நெட்டை முதலில் கேட்டது கார்டு எங்கே என்றுதான்.

*

நெட்டைக்குத் தையல் ஆறுவதற்குள் வீட்டில் டப்பாக்கள் காலியாக ஆரம்பித்தன. ஆவி குறைந்த ஒரு நாள் காலையில் கஞ்சி அக்கா கார்டை மாட்டிக்கொண்டு ஆலைக்குப் போனாள். வாசலில் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தி கார்டை நீட்டி நீட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவள் முறை வந்தது. நீட்டினாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு நீட்டினாள். சிவப்பு.

"நகருக்கா, எங்களுக்கு லேட்டாவுது."

"இருங்கடி. கோடு அழிஞ்சு போச்சோ என்னவோ."

வாட்ச்மேன் எட்டித் திரையைப் பார்த்தான். இத்தனை வருஷம் அவளைப் பார்த்தவன். "கோடு நல்லாத்தான் இருக்கு. நீ ஆஸ்பத்திரில இருக்கக்கா."

"எங்க இருக்கேன்?"

"ஆஸ்பத்திரில. கையில காயம். படுத்திருக்க."

"அட படுபாவி, உன் முன்னாடி நிக்குறேனே!"

"நிக்குற. எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே?" அவன் மெஷினைக் காட்டினான். வரிசையில் ஒருத்தி சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

விசில் உள்ளேயிருந்து வேகமாக வந்து அவளைச் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "அறிவு இருக்கா உனக்கு? ரெண்டு கையையும் வீசிக்கிட்டு வந்து நிக்குற! ஆபீஸ்ல யாராவது பார்த்தா?"

"பார்க்கட்டும். எனக்கு வேலை வேணும் தம்பி."

"விசாரணை வச்சிருக்காங்க. உனக்கு வேலை செய்யத் தெம்பு இருக்கா இல்லையான்னு பார்ப்பாங்க. நீதான் வரணும், அவளை அனுப்ப முடியாது. பேப்பர்ல கட்டை விரல் ரேகை வாங்குவாங்க, வேலைக்குச் சேர்றப்ப வச்ச ரேகையோட ஒப்பிடுவாங்க."

"எந்தக் கை?"

"இடது. அது ஒண்ணுதான் நமக்கு அதிர்ஷ்டம்."

"நமக்கா?"

அவன் அவள் வலது கையைக் காட்டினான். "கையில கட்டுப் போட்டுக்கிட்டு வா. உண்மையைச் சொல்லிடலாம்னு மட்டும் நினைக்காத. மாத்தாள் அனுப்பினேன்னு சொன்னா உன் வேலை போச்சு, ஏமாத்திட்டன்னு கேஸ் போடுவாங்க. வைத்தியத்துக்கு ஆன அத்தனையும் கட்டுன்னு சொல்லுவாங்க. இங்க மாத்தாள் அனுப்புற மத்தவளுங்க கதியும் அதோட முடிஞ்சுது."

"உன் கதி?"

"என் கதியும்தான்" என்றான் விசில். சொல்லிவிட்டுக் காலியாக இருந்த ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான்.

*

விசாரணை நாளன்று நெட்டையும் கூட வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு ஆபீஸ் கட்டடத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டாள்.

கஞ்சி அக்கா வீட்டில் கட்டிக்கொண்டு வந்த கட்டு பாதி வழியிலேயே நழுவிவிட்டது. விசில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். கக்கூஸுக்குப் பக்கத்துச் சந்தில் அவளை நிறுத்தி, விரல்களை மடக்கி, உள்ளங்கையோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினான். கடைசியில் மூட்டை முடிச்சுப் போட்டான். அழுக்குத் துணி மூட்டைக்குச் சலவை ஆலையில் போடுகிற முடிச்சு அது. லாரியிலிருந்து உருண்டு விழுந்தாலும் அவிழாது.

"வலிக்குது தம்பி."

"வலிக்கட்டும். அப்பத்தான் மூஞ்சி சரியா இருக்கும்."

அறையில் கார்டு ஆபீசர் இருந்தார். பக்கத்தில் ஒரு டாக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆபீசர் கார்டை வாங்கி மெஷினில் காட்டினார். திரையைப் படித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதானே பெரிய கோடு கேட்டது? எனக்கு ஞாபகம் இருக்கு. எவ்வளவு வசதியாப் போச்சு பாருங்க. ஆஸ்பத்திரி விவரம் எல்லாம் அப்படியே இங்க வந்துடுச்சு."

அவள் தலையாட்டினாள். கட்டுக்குள் விரல்கள் சூடேறின.

"கட்டை அவிழ்த்துக் காட்டணுமா?" என்று ஆபீசர் டாக்டரைக் கேட்டார்.

கஞ்சி அக்கா கட்டுப் போட்ட கையை மேசை விளிம்புக்குக் கீழே இறக்கினாள்.

"எதுக்கு? அதான் இருக்கே." டாக்டர் திரையைக் காட்டினார்.

ஆபீசர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். "தடுப்புக் கம்பி சரியா இருந்திருக்கு. நம்ம ஆள் போய்ப் பார்த்து எழுதியிருக்கார். அப்ப உங்க கவனக்குறைவுதான். இல்லையா?"

"யாரு கவனக்குறைவு?" அவளுக்குக் குரல் ஏறிவிட்டது. "இத்தனை வருஷம் அந்த உருளைக்கு முன்னாடி நின்னிருக்கேன் சார். ஒரு கொப்புளம் இல்ல என் கையில. கம்பி சரியா இருந்துதா? அந்தக் கம்பி..."

கதவருகே நின்ற விசில் இருமினான். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கண் அவளிடம் இல்லை. ஜன்னல் வழியே பஸ் நிறுத்தத்தில் நின்ற நெட்டைமேல் இருந்தது.

"கம்பிக்கு என்ன?" என்றார் ஆபீசர்.

"ஒண்ணும் இல்ல" என்றாள் கஞ்சி அக்கா. "சரியாத்தான் இருந்துது."

"அப்ப உருளை வேலை இனிமே முடியாது."

"மடிக்கிற வேலை குடுங்க சார். துண்டு, தலையணை உறை, அந்த மாதிரி. உட்கார்ந்துக்கிட்டே செய்யுறேன். ஆவியும் இல்ல அங்க."

"ஒத்தைக் கையாலயா?"

"முடியும் சார்."

ஆபீசர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்து மேசைமேல் போட்டார். "மடிங்க பார்ப்போம்."

ஆலையில் துவைத்த துண்டுதான். ஓரத்து நீலக் கோடு அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மடிப்பாள், பேசிக்கொண்டே மடிப்பாள், தூக்கத்தில்கூட மடித்திருக்கிறாள். இடது கையால் ஒரு முனையைத் தூக்கினாள். மறு முனையைப் பிடிக்க வலது தோள் தானாக எழுந்தது. இழுத்து அடக்கினாள். மோவாயால் துண்டை நெஞ்சோடு அழுத்திப் பிடித்து, இடது கையால் அடி முனையை மேலே கொண்டு வந்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. கட்டுக்குள்ளே விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன, விடு விடு என்பது போல. அவள் கையை இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். மறுபடி மோவாயில் பிடித்தாள். மடித்தாள். மேசைமேல் வைத்தாள்.

கோணலாக இருந்தது. நீலக் கோடு ஒரு பக்கம் பிதுங்கிக்கொண்டு நின்றது. அவளே அதைப் பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"கஷ்டம்தான்" என்றார் டாக்டர்.

ஆபீசர் மை டப்பாவைத் திறந்தார். அவள் இடது கட்டை விரலை அழுத்தினாள். அவர் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழைய ரேகையோடு ஒப்பிட்டார். "சரியா இருக்கு" என்றார். கார்டை எடுத்துக் கத்தரிக்கோலால் கோட்டுக்குக் குறுக்கே வெட்டினார். கெட்டியான பிளாஸ்டிக். இரண்டு கையாலும் அழுத்தி வெட்ட வேண்டியிருந்தது.

*

அவள் ரோட்டைத் தாண்டி வருவதை நெட்டை பார்த்தாள். முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லாமல் போயிற்று. இருந்தும் கேட்டாள்.

"மடிக்கிற வேலையாவது?"

"உன் கையால மடிக்க முடியாதுன்னுட்டாங்க" என்றாள் கஞ்சி அக்கா. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "சீக்கிரம் இதை அவிழ்த்து விடுடி. விரல் இருக்கா இல்லையான்னே தெரியல."

நெட்டை குனிந்தாள். இடது கை நகத்தால் முடிச்சைக் கிளறினாள். அசையவில்லை. துண்டை விலக்கிவிட்டு வலது கையையும் கொண்டு வந்தாள். கட்டை விரலும் சுண்டு விரலும் முடிச்சின் இரண்டு பக்கமும் போய்ப் போய் நழுவின. கஞ்சி அக்கா தன் இடது கையை உதவிக்குக் கொண்டு வந்தாள். மூன்று கையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

"யாரையாவது கூப்பிடட்டுமா அண்ணி?"

"யாரையும் கூப்பிடாத. ஜன்னல்ல இருந்து தெரியும்."

நெட்டை ரோட்டுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டாள். அண்ணியின் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்தாள். பஸ் வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ என்னவோ சொன்னார்கள். பஸ் போயிற்று. அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து மறுபடி கடித்து இழுத்தாள். கட்டின் இடுக்கில் தெரிந்த விரல் மூட்டுகள் நீலம் பாரித்திருந்தன.

"இழுடி" என்றாள் கஞ்சி அக்கா. "இன்னும் இழு."